பத்தரை வண்டிப் புகை

மூட்டை உங்க மேல படுதா அண்ணாச்சி? கொஞ்சம் ஜன்னல் பக்கமா நகந்துக்கிடுங்க. வெள்ளைச் சட்டை போட்டிருக்கிய, இதுல பூராக் கரி. துணி மூட்டைதான், ஆனா கரித்துணி. பட்டுட்டா? தேய்க்காதிய, தேய்க்காதிய. தேய்ச்சா ஈஷிக்கிடும். வாயால ஊதி விடுங்க. வீட்டுக்குப் போயி உப்பத் தூவி உதறச் சொல்லுங்க, அதுக்கப்புறம் தண்ணியில போடச் சொல்லுங்க. எடுத்த எடுப்புல தண்ணியில முக்கினா ஜென்மத்துக்கும் போவாது. நாப்பது வருசமா துணி வெளுக்கேன், நம்புங்க.

அப்படிப் பாக்காதிய. வெளுக்கிறவ கரித்துணியத் தூக்கிட்டு பஸ் ஏறுதாளேன்னு நெனைக்கிய, அதான? நெனைங்க. நானே அப்படித்தான் நெனைக்கேன்.

ரயில்வே ஆபீசுக்குப் போறேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு விசாரணை. நான் சாட்சி. பேரு முப்பிடாதி. ஃபயர்மேன் சவரிமுத்துன்னு ஒரு பையன், இன்ஜின்ல கரி அள்ளிப் போடுத வேலை, வெந்து செத்துட்டான். அவன் பொண்டாட்டி லூர்தம்மா கைப்பிள்ளையோட இருக்கா. அவன் மேல தப்பு இல்லன்னு எழுதினா அவளுக்கு ரயில்வேயில ஒரு வேலை கெடைக்கும். தப்புன்னு எழுதினா கெடையாது, குடியிருக்க லைன் வீட்டையும் காலி பண்ணச் சொல்லிருவாவ. அவ்வளவும் இந்த மூட்டைக்குள்ளதான் கெடக்கு.

தப்பு அவன் மேல இல்ல அண்ணாச்சி. என் மேலயும் இல்ல. அத முதல்லயே சொல்லிருதேன். இன்ஜின் அடுப்புக் கதவத் தொறந்து வச்சானாம். நானா தொறக்கச் சொன்னேன்?

கேளுங்க. எங்க ஊரு ஸ்டேஷன் தாண்டினா மலைப்பக்கம் ஏத்தம். அந்த ஏத்தத்துல ஒரு வளைவு, வளைவ ஒட்டி ஓடை. ஓடையில துவைச்சு மேட்டுல கொடி கட்டிக் காயப் போடுவோம். எங்க மாமனார் காலத்துலேருந்து அங்கதான். ரயிலு முன்னயா நாங்க முன்னயான்னு கேட்டா ரயிலுதான் முன்ன, ஒத்துக்கிடுதேன். அதுக்காவ?

காலையில பத்தரைக்கு ஒரு பாசஞ்சர் வண்டி. நான் வெள்ளாவியப் பிரிச்சு, அலசி, நீலம் போட்டு, கொடியில விரிச்சு முடிக்கவும் அது வரவும் சரியா இருக்கும். ஏத்தத்துல இழுக்கணும்லா, ஆவி வேணும்லா, கரிய அள்ளி அள்ளிப் போடுவாவ. கறுகறுன்னு பொகையும். காத்து எங்க பக்கம் திரும்பிச்சுன்னா அன்னைக்குப் பாடு தொலைஞ்சுது. பத்து வேட்டியில பொட்டுப் பொட்டா விழுந்திரும். திரும்ப ஓடை, திரும்ப வெள்ளாவி. வருசம் பூரா பொறுத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இந்தத் தை மாசந்தான் பொறுக்க முடியாமப் போச்சு.

மளிகைக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கட்டுத வேட்டி அண்ணாச்சி, புதுசு, மஞ்சள் தொடுததுக்கு முன்ன ஒரு தண்ணி காட்டிக் குடுங்கன்னு குடுத்தாவ. கொண்டு போனா, நடு மடிப்புல கரி. அந்தம்மா ஊரே நிக்கும்போது என் மூஞ்சியில விட்டெறிஞ்சா. உன் வீட்டுல எழவு விழுந்த துணியாடின்னு கேட்டா. கல்யாண வீட்டு வாசல்ல நின்னு கேட்ட சொல்லு அது. எனக்கு அழுகை வரல, ஆத்திரம் வந்துச்சு. அப்படியே அந்த வேட்டியோட ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா உடுப்பும் நான்தான் வெளுக்கேன். வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை. அதுலயும் அந்த வாரம் கரி. அவியளுக்கும் கோவம். ‘முப்பிடாதி, நான் மனு எழுதுதேன், நீ பெருவிரல் வையி’ன்னாவ. வச்சேன். எழுதினது அவிய. நான் வச்சது விரலு. எந்த வண்டி, எந்த நேரம், யாரு கரி போட்டான்னு எல்லாம் அவியளாத்தான் எழுதினாவ. எனக்கு அவன் பேரு கூடத் தெரியாது அப்ப.

பத்து நாள் கழிச்சு ஓடைக்கு ஒருத்தன் வந்தான். ஒல்லியா, நெட்டையா. புருவத்துல பாதி முடி கருகிப் போயிருக்கு. துவைக்கிற கல்லுல வந்து உக்காந்தான். ‘யக்கா, முப்பிடாதி நீங்கதானா? உங்க விரலு என் சர்வீஸ் புஸ்தகத்துல சிவப்பு மையில ஏறிருச்சு. இன்னொரு தடவ ஏறினா நான் டிரைவர் ஆக முடியாது’ன்னான். வாயில வந்ததெல்லாம் சொல்லி ஏசினேன். அந்த வேட்டியக் கொண்டாந்து அவன் முன்னால விரிச்சேன். அவன் பையிலேருந்து ஒரு நிலக்கரித் துண்ட எடுத்து விரலால நசுக்கினான். பொலபொலன்னு பொடியாப் போச்சு. ‘இதத்தான் இந்த வருசம் தாறாவ. இத வச்சு ஏத்தம் ஏறணும்’னான்.

அப்புறம் சொல்லித் தந்தான். எனக்கு எதுக்குச் சொன்னான்னு இன்னைக்கும் தெரியல. கரி போட்ட உடனே அது முழுசா எரியாதாம். காத்து பத்தலன்னா எரியாத கரிதான் கறுப்பா மேல போவுதாம். அது புகை இல்லக்கா, வீணாப் போற கரின்னான். காத்தும் கரியும் சமமா இருந்தா லேசாச் சாம்பல் நெறத்துல வரும், பாத்தாலே தெரியாது, அதுதான் நல்ல கைக்கு அடையாளம்னான். மஞ்சளாப் பழுப்பா வந்தா அடுப்பு மந்தம்னு அர்த்தமாம். ‘அப்ப வெள்ளையா வருதே, அது?’ன்னு கேட்டேன். சிரிச்சான். ‘வெள்ளையா வாறது புகையே இல்லக்கா. ஆவி. உங்க வெள்ளாவிப் பானையில வருதுல்லா, அதேதான்’னான்.

சொல்லித் தந்திருக்கான் அண்ணாச்சி. என் காதுல விழுந்திருக்கு.

போவும்போது சொன்னான், ‘நாளையிலேருந்து வளைவுக்கு முன்னால ஒரு சின்னக் கூவு கூவுதேன். அடுப்புக் கதவ நாலு விரக்கடை தொறந்து வைக்கேன். மேல்காத்து உள்ள போயி கறுப்ப எரிச்சிரும். உங்க கொடியத் தாண்டினதும் மூடிக்கிடுதேன்’னு. நான் சரின்னேன். அவ்வளவுதான் சொன்னேன். சரின்னேன்.

அதுலேருந்து ஒரு பொட்டுக் கரி விழல. மாசி, பங்குனி, சித்திரை. பத்தரைக்கு ஒரு குட்டிக் கூவு. புகை நூலு மாதிரி மெலிஞ்சு போவும். நான் கையில இருக்க துணிய ஆட்டுவேன், அவன் தலையில கட்டின துண்ட அவுத்து ஆட்டுவான். எனக்குக் கூடப்பொறந்தவன் கெடையாது அண்ணாச்சி. அவன் கோயிலுக்குப் போடுத வேட்டி சட்டையக் கூட என்கிட்டதான் வெளுக்கப் போட்டான். சேராங்கொட்டையில ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி வைப்போம்லா, துணி மாறாம இருக்க. மாஸ்டர் ஐயாவுக்கு ரெண்டு புள்ளி ஒரு கோடு. இவனுக்குச் சிலுவைக்குறி வச்சேன். பாத்துட்டு, ‘யக்கா, சொர்க்கத்துலயும் என் சட்டை தொலையாது’ன்னான்.

டீக்கு நிப்பாட்டுதானா? வாங்கித் தாறியளா, சரி, சீனி கம்மியாச் சொல்லுங்க. காலையிலேருந்து பச்சைத் தண்ணி எறங்கல. கை கழுவிட்டு வரவா? இருக்கட்டும் அண்ணாச்சி. கழுவி என்ன, மூட்டையத் தொட்டா திரும்பக் கரிதான்.

எங்க விட்டேன்? வைகாசி இருபது. முகூர்த்த நாளுக்கு முந்தின நாளு. நாலு கொடியும் நெறைஞ்சு கெடக்கு. மளிகைக்கடை அம்மா திரும்ப என்கிட்டதான் போட்டிருந்தா, ரெண்டாவது மகனுக்கு. மாஸ்டர் ஐயாவோட உடுப்பு, சவரிமுத்துவோட வேட்டி சட்டை, எல்லாம் முன்கொடியில. கூவு கேட்டுச்சு. நிமிந்து பாத்தேன். அன்னைக்கு நூலு மாதிரிப் புகை வரல. வெள்ளை. வெள்ளைவெளேர்னு, பஞ்சப் பிரிச்சு எறிஞ்ச கணக்கா, குபுகுபுன்னு. நான் வெளுத்த வெள்ளையெல்லாம் அதுக்கு முன்னால பழுப்பு. பயபுள்ள இன்னைக்கு எவ்வளவு சுத்தமா அடுப்பு எரிக்கான் பாருன்னு நெனைச்சேன். கையில மளிகைக்கடை வேட்டி. அத ரெண்டு கையாலயும் தூக்கி ஆட்டினேன். குதிச்சு குதிச்சு ஆட்டினேன். இந்த வயசுல.

அந்த வெள்ளை என் மேல வந்து விழுந்துச்சு. மூஞ்சி நனைஞ்சுது. கொடியில கெடந்த துணியெல்லாம் லேசா ஈரமாச்சு. அப்பவும் எனக்கு உறைக்கல. புகை ஈரமாவா இருக்கும்? ஆவிதான் ஈரமா இருக்கும். வெள்ளாவிப் பானையத் தொறக்கும்போது மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, கம்பு வச்சுத் தள்ளி நின்னு தொறக்கிறவ நான். என் முழங்கையில பாருங்க, இது பதினாறு வயசுல பட்டது. எனக்குத் தெரியாட்டா வேற எவளுக்குத் தெரியும்?

வண்டி வளைவுலயே நின்னு போச்சு. நின்னப்புறந்தான் சத்தம் கேட்டுச்சு. அந்தச் சத்தத்த நான் சொல்ல மாட்டேன்.

பாய்லர் குழாய் வெடிச்சிருக்கு. வெடிச்ச ஆவி சிம்னி வழியா மேல போனது பாதி, தொறந்து கெடந்த அடுப்புக் கதவு வழியா அவன் மேல வந்தது பாதி. டிரைவர் கோமதிநாயகம் மறுபக்கம் வெளிய தலைய நீட்டிப் பாதையப் பாத்துட்டு நின்னாரு, அவருக்குத் தோளோட போச்சு. இவன் கரி அள்ளக் குனிஞ்சு நின்னிருக்கான். மூணு நாள் கெடந்தான். ஆஸ்பத்திரிக்குப் போனேன், லூர்தம்மா உள்ள விடல. வாசல்ல குறுக்க உக்காந்துக்கிட்டா, அவ்வளவுதான். பழைய மெல்லிசு வேட்டி, பத்து தடவ அலசி, வெந்த உடம்புக்கு விரிக்கட்டும்னு கொண்டு போயிருந்தேன். அதத் திண்ணை மேல வச்சுட்டு வந்துட்டேன். விரிச்சாளோ என்னமோ தெரியல.

பெட்டியில வைக்கும்போது அவன் கோயில் சட்டை வேணும்னு ஆளு விட்டா. என்கிட்டதான இருக்கு. நான் இல்லன்னு சொல்லிட்டேன். அதே நாள் கொடியில கெடந்தது அண்ணாச்சி. ஒரு பொட்டுக் கரி இல்ல. அவ்வளவு வெள்ளை. அத எப்படிக் குடுப்பேன் அவ கையில?

காரியமெல்லாம் முடிஞ்சப்புறம் கோமதிநாயகம் தோள்ல கட்டோட வீட்டுக்கு வந்தாரு. அவருதான் சொன்னாரு, நான் அதுவரைக்கும் கேட்டதில்ல. ‘ஏத்தத்துல கதவத் தொறக்காதலேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். சூடான குழாயில பச்சைக் காத்து அடிச்சா குழாய் விட்டுப் போவும்னு சொன்னேன். தினமும் தொறந்தான். யக்கா விரலு புஸ்தகத்துல திரும்ப ஏறிரக் கூடாதுன்னான்’ன்னாரு. தல குனிஞ்சுக்கிட்டே சொன்னாரு, என்னையப் பாத்துச் சொல்லல.

நானா தொறக்கச் சொன்னேன்? சரின்னுதான சொன்னேன்.

சரின்னு மட்டும் சொல்லல. இவ்வளவு தூரம் சொல்லியாச்சு, இதையும் கேட்டுக்கிடுங்க. அன்னைக்கு அவன் கல்லுலேருந்து எந்திரிச்சுப் போவும்போது பின்னாலேயே போயி சொன்னேன், ‘ஒரு பொட்டு விழுந்தாலும் திரும்பப் போயி விரலு வைப்பேன்லே’ன்னு. கைய இப்படித் தூக்கிக் காட்டினேன், பெருவிரல. கோவத்துல சொன்னது. பிறகு நாங்க அக்கா தம்பி ஆயிட்டோம், அந்தச் சொல்லு போயிருச்சுன்னு நெனைச்சேன். அவன் அத எடுத்து வச்சிருந்திருக்கான். நாலு மாசமா அந்த விரலுக்குப் பயந்துதான் துண்ட ஆட்டினானோ என்னமோ. தெரியல அண்ணாச்சி. கேக்கவும் ஆளு இல்ல.

கோமதிநாயகம்தான் வழி சொன்னாரு. கதவு மூடி இருந்துச்சுன்னா அது இன்ஜின் கோளாறு. தொறந்து இருந்துச்சுன்னா அவன் தப்பு. ‘வெடிச்ச வேகத்துல கதவு தானா தொறந்துக்கிச்சுன்னு நான் சொல்லிக்கிடுதேன். ஆனா நான் சேக்காளிக்காவச் சொல்லுதேன்னு நெனைப்பாவ. நீ அவனுக்கு ஆகாதவ. மனு குடுத்தவ. வளைவுல நின்னு பாத்தவ நீ ஒருத்திதான். வெடிக்கதுக்கு முன்ன வரைக்கும் கறுகறுன்னு புகை வந்துச்சுன்னு சொல்லு. கறுப்புன்னா கதவு மூடியிருக்குன்னு அவியளே புரிஞ்சுக்கிடுவாவ’ன்னாரு. அவ்வளவுதான் சொல்லச் சொன்னாரு. ஒரு வரி.

நான் ஒரு வரியோட நிறுத்தினேனா? சாட்சி எழுதிக்க வந்த ரயில்வே கிளார்க்கு, ‘நல்லாப் பாத்தியா, கறுப்புதானா’ன்னு ஒரு மாதிரி கேட்டான். நம்ப மாட்டானோன்னு ஒரு பதட்டம். ‘நல்லாப் பாத்தேன் சார், கொடியில கெடந்த அத்தனை துணியிலயும் கரி’ன்னுட்டேன். ‘யார் யாரு துணி?’ன்னான். வாய் நிக்கல. மளிகைக்கடை வீட்டுது, மாஸ்டர் ஐயா உடுப்பு, சவரிமுத்துவோட சட்டைன்னு வரிசையாச் சொல்லிட்டேன். அவன் எழுதிக்கிட்டே, ‘சரி, விசாரணை அன்னைக்கு அந்தத் துணியக் கொண்டா’ன்னான்.

மளிகைக்கடைத் துணி கல்யாணத்தோட போச்சு, அந்த மாப்பிள்ளை இப்ப வேற ஊரு. மிச்சம் இவன் வேட்டியும் சட்டையும். நேத்து சாயந்தரம் எடுத்து மடியில வச்சுக்கிட்டு உக்காந்தேன். அடுப்புலேருந்து பானைய இறக்கிக் கவுத்தேன். வெள்ளாவிப் பானை அடியில ஒரு அங்குலத்துக்குக் கரி இருக்கும். அதச் சொரண்டி, சொரண்டி, அவன் சட்டையில தூவினேன். தூவினா நிக்கல, உதிருது. அப்புறம் கையால தேய்ச்சேன். காலர்ல தேய்ச்சேன், முதுகுல தேய்ச்சேன். சிலுவைக்குறி மட்டும் தெரியணும்லா அடையாளத்துக்கு, அத விட்டுட்டுச் சுத்தித் தேய்ச்சேன். நாப்பது வருசத்துல ஒருத்தர் துணிய நான் அழுக்காக்கினதில்ல. தேய்க்கும்போது வாய் பாட்டுக்கு, எலே தம்பி கொஞ்சம் பொறுத்துக்கோ, எலே தம்பி கொஞ்சம் பொறுத்துக்கோன்னு சொல்லிக்கிட்டே இருக்கு.

இத அவுத்துக் காட்டட்டா? ஒரு நிமிசம். நீங்க படிச்சவிய மாதிரி இருக்கிய. பாத்துச் சொல்லுங்க, இது இன்ஜின் கரின்னு தோணுதா, அடுப்புக் கரின்னு தோணுதா? இன்ஜின் கரி பொட்டுப் பொட்டா விழும், இது இழுவி இழுவி இருக்கு, எனக்கே தெரியுது. ஆபீசர்மாருக்குத் தெரியுமா? துணி துவைக்காதவியளுக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்லுங்க அண்ணாச்சி.

அதுகூடப் பெருசில்ல. மாஸ்டர் ஐயாதான். அவியளும் சாட்சி. அன்னைக்கு வண்டிய ஸ்டேஷன்லேருந்து விட்டவிய அவியதான. முந்தாநேத்து போயிக் காலப் பிடிச்சேன். ‘ஐயா, உங்க உடுப்புலயும் அன்னைக்குக் கரின்னு சொல்லிட்டேன், ஆமான்னு மட்டும் சொல்லுங்க’ன்னேன். ‘பொய் சொல்லச் சொல்லுதியா முப்பிடாதி? என் சர்வீஸ் என்ன, என் வயசு என்ன?’ன்னாவ. ‘அப்ப வேற ஏதாவது போட்டுட்டாவது வாங்க ஐயா’ன்னேன். திரும்பி உள்ள போயிட்டாவ. அவன் செத்ததுக்கப்புறம் நான் வெள்ளாவி வைக்கல. அந்த நாள் வெளுத்த உடுப்புதான் கடைசி. அத நல்ல நாளைக்குன்னு மடிச்சு வச்சிருப்பாவ.

ஊரு வந்துட்டா? இதா ஸ்டேஷன்? அந்த ஆபீசு இதுக்கு எதுத்தாப்புலன்னு சொன்னாவ. கொஞ்சம் வழி விடுங்க, எறங்கிக்கிடுதேன். நீங்களும் இங்கனதானா, நல்லதாப் போச்சு. மூட்டைய ஒரு கை பிடிங்க. பாத்து, சட்டை.

அண்ணாச்சி. அந்தா, டீக்கடை வாசல்ல நிக்காவ பாருங்க. தொப்பிய அக்குளுல வச்சுக்கிட்டு. அவியதான். அதேதான் போட்டிருக்காவ. நான் போட்ட நீலம் எனக்குத் தெரியாதா? நான் வச்ச கஞ்சி, நான் மடிச்ச மடிப்பு. ஒரு பொட்டு இல்ல பாத்தியளா. வெயில்ல கண்ணு கூசுது. அதுல போயி நின்னு, ஆமா, இதுவும் அதே கொடியில காஞ்சதுதான்னு சொன்னா முடிஞ்சுது. லூர்தம்மா பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்க போவா?

நேரம் இருக்கு. ரெண்டு மணிக்கு இன்னும் அரை மணி இருக்கு. இன்னொரு தடவ கால்ல விழுதேன். முந்தாநேத்து சும்மா தொட்டுக் கும்பிட்டேன், அது பத்தாது. ரெண்டு காலையும் கட்டிப் பிடிச்சுக்கிடுதேன். எந்திரின்னாலும் எந்திரிக்க மாட்டேன். கோட்டப் பிடிச்சுத்தான் எந்திரிப்பேன். வயசானவ, எதையாவது பிடிச்சுத்தான எந்திரிக்கணும்.

என்னது, தண்ணியா? குழாய் அந்தா இருக்குங்கியளா? கரியோட போகாதேங்கியளா?

வேண்டாம் அண்ணாச்சி. கை இப்படியே இருக்கட்டும்.